அருகில் போகப் பழகினால் ட்ரவுட் கிடைக்கும்

ஆற்றில் நான் பிடிக்கும் ட்ரவுட் மீன்களில் பெரும்பகுதி என்னிடமிருந்து 6 முதல் 9 மீட்டருக்குள் நின்றவை. சில சமயம் அதைவிடவும் கிட்டத்தில். ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போலக் கொக்கியில் கட்டிய ஃப்ளை என்னும் போலி இரையால் மீன் பிடிப்பது) பழக வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது எவ்வளவு தூரம் வீசலாம் என்பதைத்தான். தண்ணீர் ஓரத்தில் நின்றதும் நான் கேட்டுக்கொள்வது, இந்த மீனுக்கு எவ்வளவு கிட்டத்தில் போகலாம் என்று. கிட்டத்தில் போவதை ஒரு பழக்கமாக்கிக்கொண்ட பிறகு வீச்சு, மிதவை (ஃப்ளை ஓட்டத்தோடு மிதந்து போவது), கடியை உணர்வது, கொக்கியை ஏற்றுவது எல்லாமே எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கைகூடின. அது ஏன், அதை எப்படிச் செய்கிறேன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நீரோட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றின் குறுக்கே தண்ணீர் ஒரே வேகத்தில் ஓடாது. கரையோரம் மெதுவாக ஓடும், நடுவில் விரைந்து ஓடும், பாறைக்குப் பின்னால் கிட்டத்தட்ட நின்றுவிடும். உங்களுக்கும் மீனுக்கும் நடுவே 15 மீட்டர் இருந்தால், வீசிய லைன் (கனமான தூண்டில் கயிறு) இப்படிப்பட்ட மூன்று நான்கு ஓட்டங்களின் மேல் விழுகிறது. வேகமான ஓட்டம் லைனின் நடுப்பகுதியைப் பிடித்து வளைக்கும். லைன் தன் நுனியில் கட்டிய மெல்லிய நரம்பான லீடரை இழுக்கும், லீடர் ஃப்ளையை இழுக்கும். உண்மையான பூச்சி ஓட்டம் போகிற போக்கில் போய்க்கொண்டிருக்க, உங்கள் ஃப்ளை மட்டும் ஓட்டத்தை வெட்டிக்கொண்டு நகரும். இதைத்தான் டிராக் என்கிறோம். ட்ரவுட் ஃப்ளையை ஒதுக்குவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதலாவது.

பெரிய டிராக் கண்ணுக்குத் தெரியும். ஃப்ளைக்குப் பின்னால் V வடிவில் ஒரு சிறு கோடு எழும். கண்ணுக்குத் தெரியாத சின்ன டிராக்தான் அதிகத் தொல்லை. தொலைவில் நின்று பார்க்கும் நமக்கு ஃப்ளை சரியாகத்தான் மிதப்பதுபோல் இருக்கும். அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி நிற்கும் மீனுக்கு, அது பக்கவாட்டில் ஒரு விரல் அளவு நழுவுவதுகூடத் தெரியும். நான் கடைப்பிடிக்கும் சோதனை எளிது. ஃப்ளைக்குப் பக்கத்தில் மிதக்கும் ஒரு நுரைக்குமிழியைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் சேர்த்துப் பார்ப்பேன். இரண்டும் ஜோடியாகவே போனால் சரி. குமிழி முந்தினாலோ பிந்தினாலோ, அந்த மிதவையில் மீன் எழும் என்று எதிர்பார்க்க மாட்டேன். இந்தச் சோதனையைச் செய்யவே கிட்டத்தில் நின்றாக வேண்டும். 15 மீட்டர் தள்ளி மிதக்கும் குமிழி நம் கண்ணுக்குப் பிடிபடாது.

6 மீட்டரில் நின்றால் இந்தச் சிக்கலில் பாதி தானாகவே போய்விடும். தூண்டில் கோலான ராடை உயர்த்திப் பிடித்தாலே நடுவில் உள்ள வேக ஓட்டத்துக்கு மேல் லைனைத் தூக்கிவிடலாம். லீடர் மட்டும், சில நேரம் அதன் மெல்லிய கடைசித் துண்டான டிப்பெட் மட்டும், தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். இழுக்கிற லைன் தண்ணீரில் இல்லையென்றால் டிராக் எங்கிருந்து வரும்?

சரி, கிட்டத்தில் போனால் மீன் ஓடிவிடாதா? ஓடும். ஓடாமல் போவதுதான் கற்க வேண்டிய கலை. இதற்கு மீன் எப்படிப் பார்க்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது பெரிய உதவி.

ஓடும் நீரில் ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். உணவு அந்தப் பக்கமிருந்துதான் வரும், செவுளுக்கு வேண்டிய தண்ணீரும் அப்படித்தான். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் அதன் பார்வை மிக அகலமானது. ஆனாலும் நேர் பின்னால் ஒரு குறுகலான பகுதி அதற்குத் தெரியாது. அதனால் நான் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கித்தான் போவேன். மீனின் வாலுக்குப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நிற்பேன். நேர் பின்னால் நின்று வீசினால் லைன் மீனின் தலைக்கு மேலேயே விழும். பக்கவாட்டில் சற்று விலகி நின்றால் டிப்பெட்டும் ஃப்ளையும் மட்டும் அதன் பாதைக்குள் போகும். இன்னொன்று: சுழி இருக்கும் இடத்தில் ஓட்டம் திரும்பி ஓடும், அங்கே மீனும் திரும்பி நிற்கும். கரையைப் பார்த்து முடிவெடுத்தால் அதன் கண்ணுக்கு நேராகவே போய் நிற்போம். நுரை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் மீனின் முகம் எங்கே என்று முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரம் வழியாகத்தான் தெரியும். ஒளிவிலகலால் வருவது இது. அந்தச் சாளரத்தின் கோணம் சுமார் 97 டிகிரி. மீன் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறதோ, வட்டத்தின் விட்டம் அதைப்போல ஏறத்தாழ 2¼ மடங்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் நின்றால் 2¼ மீட்டர் அகலம். 15 சென்டிமீட்டர் ஆழத்தில் நின்றால் 34 சென்டிமீட்டர்தான். வட்டத்துக்கு வெளியே நீரின் மேற்பரப்பு உள்ளிருந்து பார்க்கக் கண்ணாடி மாதிரி ஆற்றின் அடியைத்தான் காட்டும்.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. ஒன்று, நீர்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த கோணத்தில் இருப்பவை அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கி மங்கித் தெரியும். ஏறத்தாழ 10 டிகிரிக்குக் கீழே உடம்பை வைத்துக்கொண்டால் மீன் நம்மை ஓர் உருவமாக அடையாளம் காண்பது கடினம். கணக்குப் போட்டால் 9 மீட்டர் தூரத்தில் அது நீர்மட்டத்திலிருந்து சுமார் 1.6 மீட்டர் உயரம். 6 மீட்டரில் சுமார் 1 மீட்டர். ஆக, 9 மீட்டரில் ஓரளவு குனிந்தால் போதும், 6 மீட்டருக்குப் போக வேண்டுமானால் மண்டியிட வேண்டும், அல்லது தொடையளவு நீருக்குள் நிற்க வேண்டும். உயர்ந்த கரையின் மேல் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசமான இடம். எனக்கு முழங்கால் உறை இல்லாமல் ஆற்றுக்குப் போகப் பிடிக்காது. சரளைக் கல்லில் மண்டியிட்டு நகர்வதுதான் அங்கே என் பாதி வேலை.

இரண்டாவது, மேற்பரப்புக்குக் கிட்டத்தில் நின்று பூச்சி எடுக்கும் மீனின் சாளரம் மிகச் சிறியது. ஃப்ளை ஒரு கையளவு விலகிப் போனாலும் அதன் கவனத்துக்கு வராமலே கடந்துவிடும். அது ஃப்ளையை மறுத்துவிட்டது என்று நினைத்து நாம் ஃப்ளையை மாற்றிக்கொண்டிருப்போம். தூரம் குறைந்தால் குறி கூடும். அப்போதுதான் ஃப்ளையைச் சரியாக அந்த ஓடுபாதைக்குள் இறக்க முடியும்.

கண்ணைவிட மீனை அதிகம் எச்சரிப்பது அதிர்வு. அதன் உடம்பின் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, தண்ணீரின் மிகச் சிறிய அசைவையும் உணரும். கற்கள் உரசும் சத்தம், அடிமட்டத்தில் ஊன்றுகோல் இடிப்பது, வேகமாக நடக்கும்போது காலுக்கு முன்னால் கிளம்பும் அலை — அமைதியான கசத்தில் (ஆழமான மடுவில்) இந்த அலை ஒன்றே போதும், முன்னால் நிற்கும் எல்லா மீனும் அடங்கிவிடும். நான் ஒரு காலை ஊன்றி, எடையை முழுதாக மாற்றிய பிறகே மறுகாலை எடுப்பேன். அலை எனக்கு முன்னால் போவது தெரிந்தால் அப்படியே நின்றுவிடுவேன். கொக்கு ஆழமில்லாத நீரில் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்; அந்த வேகம்தான் சரியான வேகம்.

எல்லா நீருக்கும் ஒரே இடைவெளி கிடையாது. கல்லுக்கு மேல் சலசலத்து ஓடும் ஆழமற்ற நீரில் மேற்பரப்பு உடைந்து கிடக்கும், சத்தமும் இருக்கும். அங்கே 4, 5 மீட்டர் வரைகூடப் போகலாம். கசத்தின் கடைசியில், தண்ணீர் மறுபடி மேடேறி வழுவழுவென்று ஓடும் வால்நீர் இருக்கிறதே, அங்கேதான் கடினம். அந்த இடத்தில் நிற்கும் ஒரு சின்ன மீன் பயந்து மேல்நோக்கி ஓடினால் கசம் முழுவதும் செய்தி போய்விடும். அதனால் கீழிருந்து வரும்போது வால்நீரைத் தாண்டி நடுக் கசத்துக்கு ஆசைப்படாமல், முதலில் அந்த வால்நீரைத்தான் மீன்பிடிப்பேன்.

என்னோடு ஆற்றுக்கு வரும் மூத்த நண்பர் ஒருவர் உண்டு. அவர் கரையை அடைந்ததும் ராடைப் புல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். "தம்பி, அவசரப்பட்டு எறங்காதே. மொத மீன் உன் காலடியிலதான் நிக்கும்" என்பார். கரையை ஒட்டி வேர்களுக்கு அடியில், முழங்கால் ஆழம்கூட இல்லாத நீரில் ட்ரவுட் நிற்பதை அவர் பலமுறை எனக்குக் காட்டியிருக்கிறார். நாம் சாதாரணமாக முதல் அடி எடுத்து வைக்கும் இடம் அது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம், லைனை ரீலிலிருந்து உருவுவதற்கு முன் ஐந்து நிமிடமாவது வெறுமனே பார்ப்பது. போலரைஸ்டு கண்ணாடி இதற்குக் கண்டிப்பாக வேண்டும். மேற்பரப்பின் பளபளப்பை அது எடுத்துவிடும். மீனின் முழு உருவத்தைத் தேடினால் கிடைக்காது. நிழல், வாலின் மெல்லிய அசைவு, வாய் திறக்கும்போது தெரியும் வெண்மை — இவற்றைத் தேட வேண்டும்.

எங்கே பார்ப்பது? ட்ரவுட்டின் கணக்கு நேரானது: குறைந்த சக்தியைச் செலவழித்து அதிக உணவு. அதனால் மெதுவான நீரில் நின்றுகொண்டு, பக்கத்தில் ஓடும் வேகமான நீர் சுமந்து வருவதை எட்டி எடுக்கும். வேகமும் மெதுவும் உரசிக்கொள்ளும் எல்லைக்கோடு எங்கே இருக்கிறதோ அங்கே கண்ணை நிறுத்துங்கள். நுரை ஒரு வரியாக ஓடினால் பூச்சிகளும் அதே வரியில்தான் வரும். பாறைக்குப் பின்னால் எல்லாரும் வீசுவார்கள். பாறைக்கு முன்னாலும் தண்ணீர் மோதி வேகம் குறைந்து ஒரு மெத்தை போலக் கிடக்கும் பகுதி உண்டு, அங்கே பல நேரம் நல்ல மீன் நிற்கும். அடிமட்டத்தில் உராய்வால் ஓட்டம் எப்போதும் மேற்பரப்பைவிட மெதுவாகத்தான் இருக்கும், ஆகவே மேலே வேகமாகத் தெரியும் நீரை மீன் இல்லாத நீர் என்று கடந்துவிடக் கூடாது.

மீன் மேலே எழும் விதமும் செய்தி சொல்லும். எழுந்த இடத்தில் ஒரு குமிழி மிஞ்சினால், அது மேற்பரப்பிலிருந்து எதையோ எடுத்திருக்கிறது. பூச்சியோடு காற்றையும் விழுங்கியதால் வந்த குமிழி அது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்து குமிழி இல்லையென்றால், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, இன்னும் சிறகு விரிக்காமல் மேலேறி வரும் பூச்சிகளை எடுக்கிறது. இந்த இரண்டாவது காட்சியைப் பார்த்து உயரமாக மிதக்கும் டிரை ஃப்ளையைப் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அப்போது தாழ மிதக்கும், பாதி மூழ்கிய ஃப்ளை ஒன்றைக் கட்டுவேன்.

கிட்டத்தில் நின்று வீசுவது சுலபம் என்று தோன்றும். உண்மையில் அதற்கென்று தனிப் பயிற்சி வேண்டும். ஃப்ளை ஃபிஷிங்கில் எடை ஃப்ளையில் இல்லை, லைனில் இருக்கிறது. லைன் எண் என்பது அதன் முதல் 30 அடியின் எடையை வைத்துத் தரப்படுவது. 5-ஆம் எண் லைனுக்கு அது 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். அந்த 30 அடி, ஏறத்தாழ 9 மீட்டர், ராட் நுனிக்கு வெளியே இருக்கும்போது ராட் நன்றாக வளைந்து வேலை செய்யும். 6 மீட்டர் தூரத்தில் நிற்கும் மீனுக்கு வீசும்போது, லீடரையும் ராடின் நீளத்தையும் கழித்தால், வெளியே இருப்பது ஒன்றிரண்டு மீட்டர் லைன்தான். ராடை வளைக்க அந்த எடை போதாது. மிக விறைப்பான ராடில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சின்ன ஆறுகளில் மென்மையான ராடை விரும்புகிறவர்கள், அல்லது ஓர் எண் கூடுதலான லைனைப் போடுகிறவர்கள், செய்வது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

என்ன ராட் இருந்தாலும் குறு வீச்சுக்கு நான் கவனிப்பது ஒன்று: நிறுத்தம். மெதுவாகத் தொடங்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, பட்டென்று நிறுத்த வேண்டும். பின்வீச்சிலும் அப்படித்தான், முன்வீச்சிலும் அப்படித்தான். நிறுத்தத்தில்தான் வளைந்த ராட் நிமிர்ந்து லைனை அனுப்புகிறது. லைன் குறைவாக இருக்கும்போது கையின் அசைவும் குறைவாக இருக்க வேண்டும். கட்டைவிரலை ராடின் மேல்பக்கம் வைத்து, முன்கையை ஓர் அடிக்குள் நகர்த்தினால் போதும். அசைவு அகலமானால் லைனின் வளையமும் அகலமாகும், லீடர் நீளாமல் குவிந்து விழும். முன்வீச்சை நீரை நோக்கிக் குறிவைக்காமல், நீருக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளியைக் குறிவைப்பேன். லைன் அந்த உயரத்தில் நேராக நீண்டு, பிறகு ஃப்ளை தானாக இறங்கும்.

இதைப் புல்வெளியில் பழகலாம், ஆறு வேண்டியதில்லை. கொக்கிக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு, 5, 7, 9 மீட்டரில் தட்டு அளவு வட்டங்களை வைத்து, மண்டியிட்டபடியே வீசிப் பழகுங்கள். நின்றபடி பழகிவிட்டு ஆற்றில் மண்டியிட்டால் பின்வீச்சு புல்லில் மாட்டும். பக்கவாட்டில், தரைக்கு இணையாக ராடைச் சாய்த்து வீசுவதையும் சேர்த்துப் பழகினால் தாழ்ந்த கிளைகளுக்குக் கீழே ஃப்ளையைச் செலுத்தலாம். ராடின் நிழலும் பளபளப்பும் மீனின் தலைக்கு மேல் போகாது. அப்புறம், மீனுக்கு மேலே முன்னும் பின்னும் லைனை ஆட்டிக்கொண்டிருப்பதைக் குறையுங்கள். தூரத்தை வேறு பக்கமாக அளந்துவிட்டு, கடைசி வீச்சை மட்டும் மீனின் பக்கம் திருப்பினால் போதும்.

ஆற்றுக்குக் குறுக்கே வீச வேண்டி வந்தால் ரீச் வீச்சு கைகொடுக்கும். முன்வீச்சு நின்றவுடன், லைன் காற்றில் இருக்கும்போதே, ராடை மேல்நீர்ப் பக்கமாகச் சாய்த்து இறக்க வேண்டும். ஃப்ளை குறிவைத்த இடத்தில் விழும், லைன் மட்டும் மேல்நீர்ப் பக்கம் ஒதுங்கி விழும். வேகமான ஓட்டம் அதை இழுத்து நேராக்குவதற்குள் உங்களுக்குச் சில விநாடி நல்ல மிதவை கிடைத்துவிடும். லைன் விழுந்த பிறகு அதைத் தூக்கி மேல்நீருக்கு மாற்றிப்போடும் மெண்டிங்கைவிட எனக்கு இதுவே பிடிக்கும். மெண்டிங்கில் ஃப்ளை அசைந்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

மேற்பரப்பில் எதுவும் எழவில்லையா? ட்ரவுட் தன் உணவில் பெரும்பகுதியை நீருக்கடியில்தான் எடுக்கிறது. அப்போது நிம்ப்தான், அதாவது நீருக்கடியில் வாழும் இளம் பூச்சியைப் போலக் கட்டிய, மூழ்கும் ஃப்ளை. இங்கேதான் அருகில் நிற்பதன் பலன் முழுதாகத் தெரியும்.

மேலே சொன்னேன், அடியில் ஓட்டம் மெதுவு என்று. கடியைக் காட்ட லீடரில் மாட்டும், தக்கை போல மிதக்கும் இண்டிகேட்டர் மேற்பரப்பின் வேகத்தில் போகும். அதற்குக் கீழே அடிமட்டத்தில் தொங்கும் நிம்ப் அதைவிட மெதுவாகப் போக வேண்டும். இண்டிகேட்டர் அதை இழுத்துக்கொண்டே போகும். தண்ணீருக்கடியில் நடக்கும் டிராக் இது, நம் கண்ணுக்கே தெரியாது. 5 மீட்டருக்குள் நின்றால் இண்டிகேட்டரே தேவையில்லை. கனமான லைன் முழுவதையும் தண்ணீருக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய டிப்பெட் மட்டும் நீரை வெட்டி உள்ளே போகும்படி வைத்து, ராட் நுனியால் ஓட்டத்தோடு கூடவே போகலாம். லீடரில் ஒரு துண்டு பளிச்சென்ற நிற நரம்பைச் சேர்த்துக் கட்டிவிட்டால் அதுவே கண்ணுக்கு அடையாளம். அது ஒரு கணம் தயங்கினாலோ, நின்றாலோ, பக்கவாட்டில் நகர்ந்தாலோ ராடை உயர்த்துவேன். பாதி நேரம் அது கல்லாக இருக்கும். பரவாயில்லை. கல்லையே தொடாமல் போகிறதென்றால் நிம்ப் போதிய ஆழத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

மீன் தொடவில்லையென்றால் நான் முதலில் மாற்றுவது எடையை. ஃப்ளையை மாற்றுவது அதற்கு அப்புறம். ஒரே ஓட்டத்தில், ஒரே ஃப்ளையில், லீடரில் ஓர் ஈயக்குண்டு கூடுதலாகச் சேர்த்த பிறகு மீன் வரத் தொடங்கியதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஓர் அடி ஆழ வித்தியாசம், ஃப்ளையின் நிறத்தைவிடப் பல மடங்கு முக்கியம்.

ஃப்ளையைப் பற்றி நீளமாக எழுத எனக்கு ஆர்வமில்லை. என் பெட்டியில் மூன்று பழைய ஃப்ளைகள் பல அளவுகளில் இருக்கின்றன, அவையே பெரும்பாலான நாட்களுக்குப் போதும். 1922-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லென் ஹாலடே கட்டிய ஆடம்ஸ், எந்தப் பூச்சியையும் துல்லியமாகக் காப்பியடிக்காமல் மேஃப்ளை என்னும் ஆற்றுப் பூச்சிகள் பலவற்றுக்கு ஒத்துப்போகும். அல் ட்ரோத்தின் எல்க் ஹேர் கேடிஸ் கரடுமுரடான நீரிலும் மூழ்காமல் மிதக்கும். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் ஃபிராங்க் சாயர் உருவாக்கிய ஃபெசன்ட் டெய்ல் நிம்ப், பறவையின் வால் இறகையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் வைத்துக் கட்டுவது. கம்பிதான் அதைக் கீழே கொண்டுபோகும் எடை. அளவு பொருந்துவது முதலில், உருவம் அடுத்து, நிறம் கடைசியில். ஆற்றில் ஒரு கல்லைப் புரட்டி, அதில் ஒட்டியிருக்கும் பூச்சியின் நீளத்தைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டுவிட்டு, கல்லை அதே இடத்தில் திருப்பி வைத்துவிடுங்கள்.

டிப்பெட் விஷயத்தில் கொஞ்சம் கணக்கு உதவும். அதை 4X, 5X என்று X எண்ணால் குறிப்பார்கள். 11-லிருந்து X எண்ணைக் கழித்தால் வருவது அதன் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில். 5X என்றால் 6, அதாவது 0.15 மி.மீ. 4X என்றால் 0.18 மி.மீ. ஃப்ளையின் கொக்கி அளவு எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ எந்த X என்று வரும். 16-ஆம் எண் ஃப்ளைக்கு 5X. மெல்லிய டிப்பெட் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக மட்டும் நான் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. அது துவளும், ஓட்டத்தின் சின்னத் திருப்பங்களுக்கு ஃப்ளையைச் சுதந்திரமாக விடும். டிராக்தான் மீண்டும். டிரை ஃப்ளைக்கு டிப்பெட்டை மெலிதாக்குவதோடு நீளமாக்கியும் பாருங்கள், ஒரு மீட்டர் வரை.

கிட்டத்தில் மீன் மாட்டும்போது ஒரு வித்தியாசம் உண்டு. தூரத்தில் இருந்தால் நீண்டு கிடக்கும் லைன் நம் இழுப்பின் வேகத்தை உள்வாங்கும். 5 மீட்டரில் அப்படி எதுவும் இல்லை. கையை வெடுக்கென்று இழுத்தால் 5X அறுந்துவிடும். ராடை அமைதியாக, ஆனால் தாமதமில்லாமல், உயர்த்தினால் போதும். நிம்ப் மீன்பிடிப்பில் ஓட்டம் போகும் திசையில், பக்கவாட்டில் இழுப்பது இன்னும் நல்லது. பின்னால் நின்று இழுக்கும்போது கொக்கி மீனின் வாயோரத்தில் ஏறும். மீன் ஓடினால் ஓட விடுங்கள், நின்றால் வாங்குங்கள். ராடை வானத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருக்காமல், மீன் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தாழ்த்திச் சாய்த்தால் அது சீக்கிரம் சமநிலை இழக்கும். போராட்டம் நீளக் கூடாது. நீண்டால் மீனின் தசையில் களைப்பு ஏறி, விட்ட பிறகும் அது பிழைக்காமல் போகலாம்.

விடுவதைப் பற்றி நான் கறாராகவே இருக்கிறேன். கொக்கி நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டுத்தான் ஃப்ளையைக் கட்டுவேன். கையை நனைக்காமல் மீனைத் தொட மாட்டேன். அதன் உடம்பில் உள்ள வழுவழுப்பான படலம்தான் அதற்குக் கவசம், உலர்ந்த கை அதை உரித்துவிடும். முடிச்சில்லாத ரப்பர் வலையில், தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியை எடுத்துவிடலாம். படம் எடுக்க வேண்டுமென்றால் தண்ணீர் சொட்டச் சொட்டத் தூக்கி, 10 விநாடிக்குள் மறுபடி உள்ளே. பிறகு ஓட்டத்தை நோக்கி முகம் வைத்து, மெதுவான நீரில் தாங்கிப் பிடித்து, அதுவாகக் கையிலிருந்து கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

என் பையில் ராடுக்கு அடுத்து முக்கியமான கருவி ஒரு வெப்பமானி. ட்ரவுட் நன்றாக உண்பது ஏறத்தாழ 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் நீரில். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது: கடல்மட்டத்தில் 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11.3 மில்லிகிராம், 20 டிகிரியில் சுமார் 9.1. அதே நேரம் மீனுக்கு வேண்டிய ஆக்சிஜனோ கூடுகிறது. நீர் 20 டிகிரியைத் தொட்டால் நான் ராடை மடித்துவிடுவேன், எவ்வளவு தூரம் பயணம் செய்து வந்திருந்தாலும். அந்தச் சூட்டில் போராடிய மீன் நீந்திப் போவதுபோலத் தெரிந்தாலும் பிறகு செத்துப்போகக் கூடும். கோடையில் விடியற்காலையிலேயே போய் வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது இதனால்தான்.

அருகில் போகச் சொல்லிவிட்டு இதையும் சொல்லாமல் விடக் கூடாது: போகக் கூடாத இடங்களும் உண்டு. பிரவுன் ட்ரவுட் இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத் தொடக்கம்வரை முட்டையிடும், ரெயின்போ ட்ரவுட் பெரும்பாலும் வசந்த காலத்தில். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி செய்து, முட்டையிட்டு மூடிவிடும். சுற்றியுள்ள பாசி படிந்த கற்களுக்கு நடுவே, கழுவி வைத்ததுபோல் வெளிறித் தெரியும் சரளைத் திட்டுதான் அது. முட்டைகளும் குஞ்சுகளும் பல வாரங்கள், குளிர்ந்த நீரில் மாதக்கணக்கில், அதற்குள் இருக்கும். ஒரு காலடி பட்டால் நசுங்கிவிடும். அந்தத் திட்டைப் பார்த்தால் சுற்றிப் போங்கள், அதன் மேல் நிற்கும் மீனுக்கும் வீசாதீர்கள். ஆற்றைவிட்டு ஏறியதும் பூட்ஸையும் வேடரையும் (தண்ணீரில் இறங்க அணியும் நீர் புகாத உடை) வலையையும் மண் போகத் துலக்கி, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஆற்றுக்கு எடுத்துப் போங்கள். ஓர் ஆற்றின் பாசியும் நோய்க்கிருமியும் பூட்ஸின் ஈரமான அடிப்பகுதியில் ஒட்டிக்கொண்டு இன்னோர் ஆற்றுக்குப் போய்ச்சேரலாம்.